குழந்தைகளுக்கு நெருப்பைச் சொல்லுதல்



பத்தாண்டு கண்ட நம் வட்டத்தில், நெருப்பின் வரலாற்றைக் குழந்தைகளுக்குச் சொல்லும் முறை பற்றிப் பேச விழைகிறேன். இதில் கவிஞர்களுக்கும் வேலை இருக்கிறது.

ஆதிமனிதன் கற்களை உரசினான், தீ பிறந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த வரிக்குள் பல லட்சம் ஆண்டுகள் மறைந்துபோகின்றன. தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகைக்குள், வாயிலிலிருந்து ஏறத்தாழ 30 மீட்டர் உள்ளே, சுமார் 10 லட்சம் ஆண்டுப் பழமையான சாம்பலும் எரிந்த எலும்புத் துணுக்குகளும் கிடைத்ததாக 2012இல் ஆய்வாளர் எழுதினர். அத்தீயை அவர்கள் கடைந்து எடுத்தனர் என்பதற்குச் சான்றில்லை. காட்டில் பற்றியதை ஏந்தி வந்திருக்கலாம். ஏந்தி வந்தால் காக்க வேண்டும். ஒருவர் விறகு தேட, ஒருவர் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். குழந்தைக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். சுட்ட பானையும் உருக்கிய இரும்பும் பிறகு வரட்டும்.

1860ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்கு மெழுகுவத்தி பற்றி ஆறு சொற்பொழிவுகளைத் தொடங்கினார். அணைத்த திரியின் ஆவிக்குத் தீக்குச்சி காட்டினால், திரியைத் தொடாமலே சுடர் தாவி இறங்கும். இதைக் கண்ட பிள்ளைக்கு எரிவது எது என்று விளக்க வேண்டியதில்லை. விளக்குச் சுடரில் கண்மை பிடித்த நம் பாட்டிமாரும் இவ்வகை ஆசிரியர்களே.

கூரையிறப்பில் செருகிய ஞெலிகோலை அதியமானுக்கு உவமையாக்கினார் ஔவையார். மரத்தைக் கடைந்தால் தீ வரும் என்று அறியாத பிள்ளைக்கு அவ்வுவமை வெறும் அருஞ்சொற்பொருள். எரிவாயு அடுப்பு வீட்டில் கங்கேது, தணலேது, கொள்ளியேது? பொருளைக் காட்டாமல் சொல்லை மட்டும் எத்தனை நாள் காப்போம்?

அச்சமும் உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் பற்றிய தீ கீற்றுக்கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் வகுப்பறையில் தீக்குச்சி கிழிப்பதைப் பற்றிப் பேச எனக்கே நா தயங்குகிறது. ஆனால் கீற்றின் அருகே அடுப்பெரிய விட்டவர்கள் பெரியவர்கள். தீ எதைத் தேடி எப்படித் தாவும் என்பது குழந்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும், நமக்கும்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். தீயை மூட்டியவனைப் பலர் பாடிவிட்டனர். விடியும்வரை அதை அணையாமல் காத்தவளைப் பற்றி, பிள்ளைகள் பாடத்தக்க நான்கு வரி எழுதித் தாருங்கள். அடுத்த சிறுவர் அமர்வுக்கு மெழுகுவத்தியும் ஒரு வாளித் தண்ணீரும் நான் கொண்டுவருகிறேன்.