இரண்டு கையும் முழுசா இருக்கணுமாம்!

"தகுதி, திறமை" என்று நம்மை வாசலில் நிறுத்திய அதே பேச்சுதான் இதுவும். மருத்துவம் படிக்க இரண்டு கையும் குறையின்றி இருக்க வேண்டுமென்று விதி வைத்திருந்தார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசுக் கல்லூரிகளில் 5 விழுக்காடு இடம் கொடுத்தது. இந்த விதி பறித்தது. 2025 பிப்ரவரியில், அன்மோல் வழக்கில், இது அரசமைப்புக்கே முரண் என்றது உச்சநீதிமன்றம். எந்த உறுப்பு இல்லை என்று பார்க்காதே, என்ன செய்ய முடியும் என்று பார் என்றது.

சரி, இடம் கிடைத்தது. அப்புறம்? நம்ம காமயகவுண்டன்பட்டிப் பிள்ளை ஒருத்தி சக்கர நாற்காலியில் க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்குப் போகிறாள் என்று வையுங்கள். விடுதியில் சாய்தளம், எட்டும் உயரத்தில் உடற்கூறு மேசை, தேர்வில் கூடுதல் நேரம் கேட்டால் "சலுகை" என்பார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட பேராசிரியரை யாராவது அப்படிச் சொன்னதுண்டா? சேரிப் பிள்ளையாகவும் இருந்துவிட்டால் இளப்பம் இரட்டிப்பு. அவள் வந்து கெஞ்சும்வரை காத்திருக்காமல், சேர்க்கைக்கு முன்பே இவற்றைச் செய்யச் சொல்லி நாம் மனு கொடுப்போம்.