கற்ற இடத்திற்குக் கைம்மாறு

(ஜமாஅத் மாணவர் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

   

தனக்குக் கல்வி தந்த இடத்திற்கு ஒரு மனிதன் செய்ய வேண்டிய கைம்மாறு என்ன என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளாகும். இதற்குச் சான்று காட்ட நம் இமாம்களின் வரலாற்றில் நிகழ்ச்சிகள் ஏராளம் உண்டு. எனினும், அஸர் தொழுகை முடிந்ததும் பந்தை எடுத்துக்கொண்டு திடலுக்கு விரையும் நம் இளைஞர்களின் உள்ளத்தில் பதிய வேண்டும் என்பதற்காக, ஒரு கால்பந்துப் பயிற்சியாளரின் வாழ்க்கையை இங்கே முன்வைக்கின்றோம். அவர் நம் மார்க்கத்தைச் சார்ந்தவர் அல்லர். ஆயினும் நல்ல பாடம் எங்கிருந்தாலும் அதை எடுத்துக்கொள்வது ஒரு முஃமினுக்கு அழகாகும். பெருநாள் அன்று மஸ்ஜிதுந் நபவியில் அபிசீனியர் ஈட்டி விளையாடியதை அண்ணலார் (ஸல்) அவர்கள் பார்த்தார்கள் என்பதும் நாம் அறிந்ததே.

அந்தப் பயிற்சியாளரின் பெயர் சிகி ஷ்மிட். 1953ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்தவர். சிறு பிள்ளையாக இருக்கும்போதே பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறினார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து, 1972 முதல் 1975 வரை அதன் கால்பந்து அணியில் விளையாடினார். அமெரிக்காவில் கல்லூரிகளுக்கிடையே ஆண்டுதோறும் தேசியப் போட்டி நடைபெறும். 1972இலும் 1973இலும் அவருடைய அணி இறுதி ஆட்டம் வரை சென்றது. இரண்டு முறையும் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்திடம் தோற்றது. ஆக, தான் படித்த இடத்திற்கு ஒரு பட்டத்தையும் வென்று தராமலேயே அவர் படிப்பை முடித்து வெளியேறினார்.

பொருளாதாரத்தில் பட்டமும், பின்னர் வணிக நிர்வாகத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றவர் அவர். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு வணிகத் துறையிலேயே முன்னேறியிருக்கலாம். அக்காலத்தில் அமெரிக்காவில் கால்பந்துக்குப் பெரிய மதிப்பு கிடையாது. அப்படியிருந்தும் 1980ஆம் ஆண்டு, தாம் படித்த அதே பல்கலைக்கழக அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். அன்று அவருக்கு வயது 27. அதன்பின் 19 ஆண்டுகள் அதே பொறுப்பில் நிலைத்து நின்றார்.

1985ஆம் ஆண்டு, சியாட்டில் நகரில் தேசிய இறுதி ஆட்டம் நடந்தது. 90 நிமிடங்கள் முடிந்தும் எந்த அணியும் கோல் போடவில்லை. கூடுதல் நேரம் கொடுக்கப்பட்டது. அதிலும் முடிவு இல்லை. மீண்டும் கூடுதல் நேரம், மீண்டும் கூடுதல் நேரம் என நீண்டு, எட்டாவது கூடுதல் நேரத்தில், ஆட்டம் தொடங்கி 166 நிமிடங்கள் ஆன நிலையில் ஒரே ஒரு கோல் விழுந்தது. ஷ்மிட்டின் மாணவர்கள் வென்றார்கள். கால்பந்தில் அந்தப் பல்கலைக்கழகம் பெற்ற முதல் தேசியப் பட்டம் அதுவே. மாணவராக இருந்தபோது அவரால் பெற்றுத்தர இயலாத ஒன்றை, ஆசிரியராகத் திரும்பி வந்து பெற்றுத் தந்தார். 1990இலும் 1997இலும் மேலும் இரு பட்டங்கள் கிடைத்தன. அந்த 19 ஆண்டுகளில் 322 வெற்றிகள், 63 தோல்விகள், 33 சமநிலைகள் என்பது அவருடைய கணக்கு.

ஆனால் நாம் சொல்ல வந்தது பட்டங்களின் கணக்கை அன்று. அவர் உருவாக்கிய மனிதர்களைப் பாருங்கள். கோபி ஜோன்ஸ் என்ற இளைஞருக்கு விளையாட்டு உதவித்தொகையை எவரும் அளிக்கவில்லை. உதவித்தொகை ஏதுமின்றியே அந்தப் பல்கலைக்கழக அணிக்கு முயன்று இடம் பெற்றார். ஷ்மிட்டின் கையில் வளர்ந்த அவர், பின்னாளில் அமெரிக்க நாட்டுக்காக 164 ஆட்டங்களில் களம் இறங்கினார். 1985ஆம் ஆண்டு அணியில் ஆடிய பால் காலிஜியூரி, 1989இல் டிரினிடாட் நாட்டில் போட்ட கோல்தான், 40 ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவை உலகக் கோப்பைக்கு அனுப்பியது. 1990இல் பட்டம் வென்றபோது கோல் காவலராக நின்ற பிராட் ஃப்ரீடல், 2002 உலகக் கோப்பையில் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார்.

பெருமக்களே! உலக அரங்கில் இவர்கள் ஓடியபோது அவர்களுடைய ஆசிரியரை எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? ஆசிரியப் பணியின் இயல்பு அது. விதைத்தவன் கை மண்ணோடு இருக்கும். கனி வேறொருவர் தட்டில் இருக்கும். கூலியை அல்லாஹ்விடம் எதிர்பார்ப்பவனுக்கு இதில் வருத்தம் ஏது?

1999இல் ஷ்மிட் தொழில்முறை அணிகளின் பயிற்சியாளராகச் சென்றார். அங்கே 2002இலும் 2008இலும் இரு வெவ்வேறு அணிகளுக்கு அமெரிக்க லீக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். 2018 டிசம்பரில் அவர் காலமானார். இதில் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. அவர் போன பிறகும், 2002இல், அவருடைய பழைய பல்கலைக்கழகம் வேறொரு பயிற்சியாளரின் கீழ் நான்காவது பட்டத்தை வென்றது. தன்னோடு சரிந்துவிடுவதைக் கட்டுபவன் ஆசிரியன் அல்லன். தான் இல்லாதபோதும் நிற்பதைக் கட்டுபவனே ஆசிரியன்.

இனி நம் நிலைக்கு வருவோம். நம் மக்தபில் அலிஃப், பே படித்து வெளியேறியவர்களில் இன்று மருத்துவர்கள் இருக்கிறார்கள், பொறியாளர்கள் இருக்கிறார்கள், வளைகுடா நாடுகளில் நல்ல பொறுப்பில் இருப்போர் பலர். அல்ஹம்துலில்லாஹ்! அவர்கள் தாராளமாகப் பொருளுதவி செய்கிறார்கள். மின்விசிறியும், தரைவிரிப்பும், குடிநீர்த் தொட்டியும் அவர்கள் தந்தவையே. அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்வானாக! ஆனால் மக்தபில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு மின்விசிறி கணக்குச் சொல்லித் தராது. பத்தாம் வகுப்பில் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் தவறிவிட்டு, கடைக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை, வாரத்தில் இரண்டு மாலைகள் அருகில் அமர்ந்து கற்றுத் தரும் ஒரு மனிதர். அந்த மனிதர், இதே பாயில் அமர்ந்து படித்தவராக இருந்தால், பிள்ளையின் மனத்தில் எழும் நம்பிக்கையே வேறு.

கற்பதையும் கற்பிப்பதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிரிக்கவில்லை. குர்ஆனைக் கற்று, அதைப் பிறருக்கும் கற்பிப்பவரையே சிறந்தவர் என்றார்கள். கற்றதோடு நின்றுவிட்டால் பாதிக் கடன் அப்படியே இருக்கிறது.

ஆகவே இந்த அவையில் நாம் வேண்டிக்கொள்வது இதுதான். பட்டம் பெற்ற ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு மணி நேரத்தை நம் மக்தபுக்கு ஒதுக்குங்கள். விடுமுறையில் ஊர் வருவோர், இருக்கும் நாட்களிலேனும் ஒரு பாடம் நடத்துங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மட்டும் தேடாதீர்கள். எவரும் தேர்ந்தெடுக்காத பிள்ளையை முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவன் எங்கே போய் நிற்பான் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

மாணவச் செல்வங்களே! இன்று உங்கள் கையில் கொடுக்கப்படும் பரிசு முடிவு அன்று. அது ஒரு கடன். ஒருநாள் இதே மேடைக்கு எதிரே, பாயில் அமர்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து அந்தக் கடனை நீங்கள் அடைக்க வேண்டும்.

நம் அனைவரின் கல்வியையும் பிறருக்குப் பயன் தரும் கல்வியாக அல்லாஹ் ஆக்கி வைப்பானாக! நமக்குக் கற்பித்து மறைந்த உஸ்தாதுமார்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.