திறந்த ஏடும் சரிபார்க்கும் உரிமையும்



ஓர் உயிரணுவினுள் ஆயிரக்கணக்கான மரபணுக்களும் புரதங்களும் ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் இயங்குகின்றன. அவற்றைத் தனித்தனியே ஆராய்வதோடு நில்லாமல், அவை யாவும் இணைந்து இயங்கும் முறையைக் கணக்கிட்டு அறிய முற்படும் துறையே முறைமை உயிரியல். இத்துறைக்கு ஆய்வுக்கூடத்தைப் போலவே கணிப்பொறியும் இன்றியமையாதது.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மினோரு கனேஹிசா 1995-இல் தொடங்கிய ‘கெக்’ என்னும் தரவுத்தளம், உயிரணுவின் வேதிவினைப் பாதைகளை வரைபடங்களாகத் தருகிறது. ‘சைட்டோஸ்கேப்’ என்னும் மென்பொருள், புரதங்களுக்கிடையே உள்ள தொடர்புகளை வலைப்பின்னலாக வரைந்து காட்டுகிறது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜை அடுத்த ஹிங்ஸ்டனில் அமைந்த ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தில் 2005-இல் ‘பயோமாடல்ஸ்’ என்னும் தரவுத்தளம் தோன்றியது. ஆய்வாளர்கள் உயிரணுவின் நிகழ்ச்சிகளைச் சமன்பாடுகளாக அமைத்த கணித மாதிரிகள் அங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எவரும் கட்டணமின்றி அவற்றைப் பெற்று, ‘கோபாசி’ என்னும் இலவச மென்பொருளில் இட்டு இயக்கிப் பார்க்கலாம்.

இதனால் விளைந்த பயனைக் கேளுங்கள். பயோமாடல்ஸ் குழுவினர், ஆய்விதழ்களில் வெளிவந்த 455 மாதிரிகளை மீண்டும் கணக்கிட்டுப் பார்த்து, 2021-இல் முடிவை வெளியிட்டனர். கட்டுரைகளில் தந்திருந்த விவரங்களை மட்டும் கொண்டு கணக்கிட்டபோது, அவற்றுள் 49 விழுக்காடு அதே விடையைத் தரவில்லை. சிலவற்றில் வேண்டிய எண்களே விடுபட்டிருந்தன. அறிஞர் எழுதி, அறிஞர் ஆராய்ந்து, அச்சேறியவை அவை!

இளைஞர்களே, அச்சேறிவிட்டது என்பதனாலேயே ஒன்று மெய்யாகிவிடாது. செய்முறையைக் காட்டுக, யாமும் கணக்கிட்டுப் பார்க்கிறோம் என்று கேட்பதே அறிவியல். அவ்வாறு கேட்கும் உரிமை பட்டம் பெற்றோர்க்கு மட்டும் உரியதன்று. அந்தத் தரவுத்தளத்தின் வாயிலில் எவரும் நம் குலத்தை வினவுவதில்லை. நாம் வாழும் தெருவையும் வினவுவதில்லை.

ஆயினும், வாயில் திறந்திருப்பது மட்டும் போதாது. உள்ளே நடக்கக் கால் வலிமை வேண்டும். கணிதமும் உயிரியலும் ஆங்கிலமுமே அவ்வலிமை. கணிதத்தைக் கண்டு அஞ்சி ஒதுங்காதீர்கள். சங்கத்தாரிடமும் ஒரு வேண்டுகோள்: மாலை வேளைகளில் நம் பிள்ளைகள் அமர்ந்து பயிலக் கணிப்பொறியும், அருகிருந்து கற்பிக்க ஒருவரும் கிடைக்குமாறு செய்யுங்கள். பிறர் போட்ட கணக்கைச் சரிபார்க்கும் பிள்ளை, நாளை தானே புதுக்கணக்கைத் தொடங்கும்.