'3' படமும் நம் வகுப்பறையும்

(தூத்துக்குடியில் ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



பயிற்சி முகாமில் சினிமாப் பேச்சா என்று பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நான் பேச வந்ததே சிரிப்பைப் பற்றித்தான்.

2012 மார்ச்சில் ஐஸ்வர்யா தனுஷ் இயக்கிய '3' வந்தது. 'கொலவெறி' பாட்டை அன்று பாடாத மாணவன் இல்லை. முதல் பாதியில் ராமும் ஜனனியும் பிளஸ் டூ படிக்கிறார்கள். டியூஷன், காதல், சிவகார்த்திகேயனின் கேலி என்று அரங்கமே சிரித்தது. இரண்டாம் பாதியில் ராமுக்கு 'பைபோலார்' எனப்படும் இருமுனை மனநோய். அதோடு சிரிப்பு நின்றுவிடுகிறது. விஷயம் தெரிந்தவன் நண்பன் செந்தில் மட்டுமே. மனைவிக்குத் தெரியக் கூடாது என்கிறான் ராம். ஜனனிக்குத் தெரியவரும்போது அவன் உயிரோடு இல்லை.

அதே ஆண்டு அமெரிக்காவில் 'சில்வர் லைனிங்ஸ் பிளேபுக்' வந்தது. அதே நோய். நாயகன் பேட் மனநல மருத்துவமனையிலிருந்து பெற்றோர் வீட்டுக்குத் திரும்புகிறான். ஊருக்கே தெரியும். ஒரு விருந்தில் அவனும் இளம் விதவை டிஃபனியும் தாங்கள் சாப்பிட்ட மாத்திரைகளை ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். கூட இருப்பவர்கள் விழிக்கிறார்கள். நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அவர்களைப் பார்த்து அல்ல, அவர்களோடு சேர்ந்து. காதலும் நடனமும் போதும் என்பதுபோல் படம் முடிவது எனக்கு உடன்பாடில்லை. மருந்தும் மருத்துவரும் வேண்டும். '3' நோயைப் பேய்போல் காட்டியதும் எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோதான் தலைகாட்டுகிறது. அதாவது, நம் வகுப்பறையில்.

என் பிளஸ் ஒன் வகுப்பில் ஒரு மாணவன் நாலைந்து இரவு தூங்காமல் வந்து, பத்து விசைப்படகு வாங்கப்போகிறேன் என்று ஓயாமல் பேசினான். வகுப்பு 'லூசு' என்றது. நானும் சிரித்தேன். இரண்டு மாதம் கழித்து அவன் மேசையில் கவிழ்ந்தே கிடந்தான். 'சோம்பேறி' என்று திட்டினேன். அவன் அம்மா வந்து அழுதார்: "வெளிய சொல்லிராதீங்க சார், இவன் அக்காவுக்கு மாப்பிள்ளை அமையாது."

அந்தப் பயம் லேசானதல்ல. மறைத்து வைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதே கடற்கரையில் ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் 28 பேர் தீயில் மாண்டார்கள்.

அரசு மருத்துவமனைக்கு அந்த அம்மாவோடு நானும் போனேன். மாத்திரை, தூக்கம், மாதாமாதம் மருத்துவர் என்று பையன் தேறினான். நான் செய்தது அவ்வளவுதான். நோய்க்குப் பெயர் வைப்பது நம் வேலையல்ல. மாற்றத்தைக் கவனித்து, தனியே கூப்பிட்டுக் கேட்டு, பெற்றோரை அழைத்துப் பேசுவது நம் வேலை. 14416 என்ற டெலி மானஸ் எண் இரவு பகலாக இயங்குகிறது, கட்டணமில்லை. கரும்பலகை ஓரத்தில் எழுதி வையுங்கள்.

முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டாலும் பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள்: மூழ்குகிறவனுக்குக் கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்களாம். தங்கை தாலிமேல் அவனுக்கு அக்கறை இருக்குமே! ராம் தன் கயிற்றை நண்பன் கையில் மட்டும் கொடுத்தான்.

என் மாணவன் இப்போது துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். கல்யாணப் பேச்சு நடக்கிறது. பெண் வீட்டில் சொல்லலாமா என்று போன வாரம் கேட்டான். முதலில் பெண்ணிடம் சொல் என்றேன்.

"வேண்டாம்னு சொல்லிட்டா சார்?"

சற்று நேரம் எனக்குப் பதில் வரவில்லை. அவள் கேள்வி கேட்டால் பதில் சொல்ல மருத்துவரிடம் நானும் கூட வருகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பேசப்போகிறான்.