யாருக்காகப் பதறியது மனம்?



1983-இல் அயர்லாந்தில் ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. கருவில் இருக்கும் உயிருக்கும் தாய்க்கும் வாழ்வுரிமை சமம் என்று அரசியல் சாசனத்தில் எழுத, வாக்களித்தவர்களில் 66.9 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். அந்த எட்டாவது திருத்தம் கருக்கலைப்பை ஏறக்குறைய முழுதாகத் தடுத்தது. 2018 மே 25 அன்று, அதை நீக்கிவிடச் சொல்லி 66.4 சதவீதம் பேர் வாக்களித்தார்கள்.

முப்பத்தைந்து ஆண்டுகளில் அந்த மக்களின் இரக்கம் வற்றிவிட்டதா? நான் அப்படி நினைக்கவில்லை. அன்றும் இரக்கப்பட்டுத்தான் வாக்களித்தார்கள், பின்னரும் இரக்கப்பட்டுத்தான். யாரை நினைத்து மனம் பதறியது என்பது மாறிப்போயிருந்தது.

2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வே நகர மருத்துவமனையில் சவிதா ஹலப்பனவர் இறந்தார். பூர்வீகம் கர்நாடகத்தின் பெலகாவி, பல் மருத்துவர், வயது 31. 17 வாரக் கரு கலையத் தொடங்கியிருந்தது. பிள்ளை பிழைக்காது என்று தெரிந்துவிட்டது. கருவை அகற்றிவிடுங்கள் என்று அவர் கேட்டார். அதன் இதயம் துடிக்கும்வரை முடியாது என்றார்கள். ரத்தத்தில் தொற்று பரவி, அவர் உயிரே போயிற்று. 2018 வாக்கெடுப்பின்போது டப்ளின் நகரச் சுவரில் வரைந்திருந்த அவர் முகத்தைச் சுற்றி, அவரை அறியாதவர்களெல்லாம் சீட்டு எழுதி ஒட்டினார்கள்.

நல்லது கெட்டதை மனம் நொடியில் தீர்மானித்துவிடுகிறது, காரணங்களைப் பிறகுதான் தேடுகிறது என்கிறார் உளவியலாளர் ஜானதன் ஹைட். பொதுத் தேர்தலில் கட்சி, வேட்பாளர், விலைவாசி என்று எத்தனையோ குறுக்கே வரும். பொதுவாக்கெடுப்பில் இருப்பது ஒரே கேள்வி. அங்கே அந்த முதல் உணர்வு நேராக வாக்குச்சீட்டில் இறங்கிவிடுகிறது.

ஆனால் அந்த உணர்வு கல்லில் எழுதியதல்ல. 2018 வாக்கெடுப்புக்கு முன் 99 சாதாரணக் குடிமக்களைக் கொண்டு ஒரு மன்றம் அமைத்தார்கள். மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் சொன்னதை அந்தக் குடிமக்கள் பல வார இறுதிகளில் உட்கார்ந்து கேட்டார்கள். பெண்கள் தாங்கள் பட்டதைச் சொன்ன ஒலிப்பதிவுகளையும் கேட்டார்கள். சட்டம் மாற வேண்டும் என்று அந்த மன்றமே பரிந்துரைத்தது. இப்படிப் பொறுமையாகக் கேட்க இடம் கொடுக்காமல் மக்களிடம் 'ஆம், இல்லை' கேட்பது அநியாயம் என்பேன்.

அயர்லாந்து மக்கள் இனி எந்த மாற்றத்துக்கும் தலையாட்டுவார்கள் என்று எண்ணியிருந்தால் அதுவும் பிசகு. 2024 மார்ச் 8 அன்று, சாசனத்தில் பெண்ணின் வீட்டுப்பணி பற்றியிருந்த பழைய வாசகத்தை எடுத்துவிட்டு, குடும்பத்தார் ஒருவரையொருவர் பராமரிப்பதை ஆதரிக்க அரசு முயலும் என்று சேர்க்கலாமா என இன்னொரு பொதுவாக்கெடுப்பில் மக்களைக் கேட்டார்கள். ஆளுங்கட்சிகளோடு முக்கிய எதிர்க்கட்சிகளும் ஆதரித்தன. மாற்றுத்திறனாளிகள் பலரும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும், அரசு தன் கடமையை எங்கள் வீட்டுத் தலையில் கட்டுகிறது என்று கொதித்தார்கள். 73.9 சதவீதம் பேர் 'இல்லை' என்றார்கள்.