சொட்டும் இடமும் கசியும் இடமும்



ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். இந்த 61 நாள்களில்தான் விசைப்படகு எஞ்சினைப் பிரித்து, வேலை பார்த்து, மறுபடி பூட்டுகிறோம். ஓட்டிப் பார்த்தால் பின்னால் எண்ணெய் சொட்டுகிறது. கடலுக்குப் போகும் நாளோ நெருங்கிவிட்டது. உடனே மெக்கானிக்கை ஏசுகிறோம். “பின் ஆயில் சீல் சரியில்லை” என்று ஊரெல்லாம் சொல்கிறோம். அவரும் ஞாயிறு திருப்பலிக்கு நம் பக்கத்தில் நிற்பவர்தான். அந்தப் பேச்சு அவர் பிழைப்பில் விழும்.

பொறுப்போம். சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. படகில் எஞ்சின் பெரும்பாலும் பின்பக்கம் சாய்ந்தே இருக்கும். மேல்மூடி கேஸ்கட்டில் கசிகிற எண்ணெயும் பின்னால் வழிந்துதான் சொட்டும். சீலை மாற்றுவதென்றால் கியர் பாக்ஸையே கழற்ற வேண்டும். அது சும்மா வேலையா?

முதலில் எஞ்சினை முழுக்கத் துடைத்து உலர்த்துவோம். முகப்பவுடரைத் தூவி (வீட்டில் திட்டு விழும்தான்) சற்று நேரம் ஓட்டி, நிறுத்தி, டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பார்ப்போம். ஈரம் பட்ட இடங்களில் ஆக மேலே இருப்பதுதான் கசியும் இடம். எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் புது சீல்கூடக் கசியும். அதையும் கழற்றிப் பார்ப்போம். துடைத்தெடுத்த எண்ணெயைக் கடலில் கொட்டாமல் கேனில் பிடித்துக் கரைக்குக் கொண்டு வருவோம்.