மேலே போனவனும் கீழே போனவர்களும்



திரைப்படம் ஒன்று வெற்றி பெற்றதும் அதை இசை நாடகமாக மேடையேற்றும் வழக்கம் இலண்டனிலும் நியூயோர்க்கிலும் நெடுநாளாக உண்டு. கதை ஏற்கெனவே மக்களுக்குத் தெரிந்தது. நுழைவுச்சீட்டு விற்பதும் இலகு. பழைய சரக்கைப் புதிய பொதியில் விற்கும் வியாபாரம் இது என்று விமர்சகர்கள் குறைகூறுவர். பல நாடகங்களைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. இந்தக் குற்றச்சாட்டுக்கு உட்படாத நாடகம் என்று நான் கருதும் ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அதன் பெயர் 'பில்லி எலியட்'.

திரைப்படம் 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. எழுதியவர் லீ ஹோல். நெறிப்படுத்தியவர் ஸ்டீபன் டால்ட்ரி. வட இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில், நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழும் ஒரு ஊர். தாயை இழந்த பதினொரு வயதுச் சிறுவன் பில்லி. தகப்பனும் தமையனும் சுரங்கத் தொழிலாளர். இருவரும் வேலைநிறுத்தத்தில் நிற்கிறார்கள். குத்துச்சண்டை பழக அனுப்பப்பட்ட பையன், அதே மண்டபத்தில் நடக்கும் பலே நடன வகுப்பினால் ஈர்க்கப்படுகிறான். நடனம் பெண்பிள்ளைகளின் காரியம் என்று கருதும் ஊரில் அவன் ஆட வேண்டியிருக்கிறது.

இந்தப் படத்தை கான் திரைப்பட விழாவில் பார்த்துக் கண்ணீர் விட்டவர்களில் ஒருவர் பாடகர் எல்டன் ஜோன். இதை மேடைக்குக் கொண்டுவரலாம் என்ற எண்ணம் அவரிடமிருந்தே வந்தது. இசையை அவர் அமைத்தார். பிரதியும் பாடல்களும் லீ ஹோல் உடையவை. நெறியாள்கை மீண்டும் டால்ட்ரி. நடன அமைப்பு பீற்றர் டார்லிங். 2005 மே மாதம் இலண்டன் விக்டோரியா பலஸ் அரங்கில் தொடங்கிய நாடகம் 2016 ஏப்ரல் வரை, ஏறத்தாழ பதினொரு ஆண்டுகள் ஓடியது. 2008இல் நியூயோர்க் சென்று, மறுவருடம் 10 டோனி விருதுகளைப் பெற்றது. பில்லி பாத்திரத்தை மாறிமாறி ஏற்ற மூன்று சிறுவர்களுக்கும் சேர்த்தே சிறந்த நடிகர் விருது வழங்கப்பட்டது.

நான் இதனை நேரில் பார்க்கவில்லை. 2014இல் எடுக்கப்பட்ட ஒளிப்பதிவாகவே பார்த்தேன். படத்தை முன்னரே பார்த்திருந்ததால் என் மனம் இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தது.

திரைப்படத்தில் வேலைநிறுத்தம் பெரும்பாலும் பின்னணி. மேடையிலோ அது கதையின் சரிபாதி. 1984 மார்ச்சில், 20 சுரங்கங்களை மூடி 20,000 வேலைகளை ஒழிக்கும் திட்டம் வெளியானதும் தொடங்கிய அந்தப் போராட்டம் ஓராண்டு நீடித்துத் தோற்றது. நாடகத்தில் ஒரு காட்சி: ஒரே மேடையில் ஒரு பக்கம் நடனம் பழகும் சிறுமியர், மறுபக்கம் பொலிஸாரும் தொழிலாளரும் மோதுகின்றனர். சற்று நேரத்தில் வரிசைகள் கலக்கின்றன. சிறுமியரின் நடுவே தலைக்கவசமும் தடியும் கொண்ட பொலிஸார். அவர்களின் நடுவே தொழிலாளர். எல்லாருக்கும் ஒரே தாளம். கமரா இதைத் துண்டு துண்டாகவே காட்டியிருக்கும். மேடை நம் கண்முன் ஒரே மூச்சில் காட்டுகிறது. ஊரின் போராட்டமும் பையனின் போராட்டமும் வேறல்ல என்பதை யாரும் வாயால் சொல்ல வேண்டிய தேவையே ஏற்படவில்லை.

மற்றொரு இடம். பையனை நேர்முகத் தேர்வுக்கு அனுப்பப் பணமில்லை. தகப்பன் போராட்டத்தைக் கைவிட்டு வேலைக்குப் போக முடிவெடுக்கிறார். தன் தோழர்களுக்கே துரோகியாகத் துணிகிறார், மகனுக்காக. படத்திலும் நெஞ்சை உலுக்கும் கட்டம் இதுதான். நாடகம் இதற்கு அப்பாலும் செல்கிறது. தொழிலாளர் தத்தம் பங்குக்குச் சில்லறை சேர்க்கும் வேளையில், வேலைநிறுத்தத்தை முறித்து வேலைக்குச் சென்ற ஒருவன் வந்து பெருந்தொகை நீட்டுகிறான். அந்தப் பணத்தை வாங்குவதா? கொள்கையா, பிள்ளையின் எதிர்காலமா? வாக்குவாதம் மூள்கிறது, முடிவு ஏற்படவில்லை. எழுதியவர் இந்தக் கேள்வியை நமக்காகத் தீர்த்துவைக்காமல் விட்டதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

மேடை என்பது உயிருள்ள ஊடகம் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். நாடகத்தின் இரண்டாம் பகுதி, அன்றைய பிரதமர் மார்கரட் தட்சரைக் கடுமையாக எள்ளிநகையாடும் பாடலுடன் தொடங்கும். அவரது மரணத்தை எதிர்பார்க்கும் பாடல் அது. 2013 ஏப்ரல் 8ஆம் திகதி தட்சர் காலமானார். அன்றிரவும் நாடகம் இருந்தது. பாடுவதா விடுவதா? முடிவைப் பார்வையாளரிடமே விட்டார்கள், வாக்கெடுப்பு நடந்தது. மிகப் பெரும்பாலானோர் பாடும்படி கூறினர், பாடப்பட்டது. அது நல்ல பண்பா என்று நேயர்கள் கேட்கலாம். எனக்கும் அதில் தயக்கம் உண்டு. ஆனால் திரைப்படச் சுருள் ஒருபோதும் தன் பார்வையாளரிடம் இப்படிக் கேட்டிருக்க முடியாது.

இனி முடிவுக் காட்சி. படம் வெற்றியோடு முடிகிறது: வளர்ந்து பெரியவனான பில்லி, 'அன்னத் தடாகம்' நடனத்தில் மேடைக்குப் பாய்கிறான், சபையில் தகப்பன் அமர்ந்திருக்கிறார். நாடகமோ அந்த வளர்ந்த பில்லியை இடையிலேயே ஒரு கனவாகக் காட்டிவிடுகிறது. சிறுவனும் அவனது எதிர்கால உருவமும் சேர்ந்து ஆட, சிறுவன் அந்தரத்தில் பறக்கிறான். கதையின் முடிவில் நாம் காண்பது வேறொன்று. பையனுக்கு இடம் கிடைத்த செய்தி வரும்போதே தொழிற்சங்கம் பணிந்துவிட்ட செய்தியும் வருகிறது. தலைக்கவச விளக்குகள் எரிய, தொழிலாளர் வரிசையாகச் சுரங்கத்துள் இறங்குகின்றனர். பையன் பெட்டியோடு ஊரைவிட்டுப் புறப்படுகிறான்.

ஒருவன் மேலே போகிறான். ஊர் கீழே போகிறது. திறமையுள்ள பிள்ளை தப்பிவிட்டான் என்று மகிழ்ந்து எழும் நம்மை, தப்ப முடியாதவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகும்படி இந்த நாடகம் மறிக்கிறது. பிரித்தானியாவின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கம் 2015 டிசெம்பரில் மூடப்பட்டது. நான்கு மாதங்களின் பின் இலண்டனில் இந்த நாடகமும் திரையை இறக்கியது.

தெரிந்த கதையைத் திரும்பச் சொல்வதில் தவறில்லை. முதன்முறை சொன்னபோது ஓரத்தில் நின்றவர்களை இரண்டாம் முறை நடுவே கொண்டுவந்து நிறுத்தினால், அந்தத் திரும்பச் சொல்லல் நியாயமாகிவிடுகிறது.